சுளகுக்கு இரு பக்கமும் இருவர்: பங்கேற்பு நிறுவல் கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பத்து நாளுக்கு ஒரு நிறுவலை வைத்தோம். பெயர் 'கல் பொறுக்குதல்'. வாசலில் நின்றபடி சிலர் கேட்டார்கள், எழும்பிப் போகும்போது சிலர் கேட்டார்கள், சிலர் பிறகு தொலைபேசியில் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அடுத்த முறை கொட்டாஞ்சேனையில் வைக்கப்போகிறோம். அதற்கு முன் பதில்களை ஆறுதலாக எழுதிவிடுகிறேன்.

நிறுவல் கலை என்றால் என்ன? ஓவியக் கண்காட்சி மாதிரித்தானா?

ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறோம், நிறுவலுக்குள் நுழைகிறோம். ஓர் அறை, அதன் வெளிச்சம், வாசனை, தரையில் கிடப்பது, கூரையில் தொங்குவது எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. பங்கேற்பு நிறுவல் என்றால் அதில் நீங்களும் சேருகிறீர்கள். நீங்கள் வந்து கை வைக்கும் வரைக்கும் அங்கே வெறும் பொருட்கள்தான் இருக்கும்.

வெசாக் கூடு பார்க்கப் போனவர்களுக்கும் கோயில் தேரின் வடம் பிடித்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் உடனே விளங்கும். கூட்டைத் தள்ளி நின்று பார்க்கலாம். தேர் அப்படியில்லை, நாலு பேர் பிடித்து இழுத்தால்தான் அது நகரும்.

'கல் பொறுக்குதல்' என்பதில் என்னதான் நடக்கும்?

வாசலில் ஒரு பேசினில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கும். முதலில் கையைக் கழுவ வேண்டும். உள்ளே ஒரு குட்டை மேசை, எதிரெதிரே இரண்டு கதிரை, நடுவில் ஒரு சுளகு. சுளகில் ஒரு சுண்டு சிவப்பரிசி, அதற்குள் கொஞ்சம் நெல்லும் சின்னக் கற்களும். இந்தக் காலத்துப் பக்கெற் அரிசியில் கல் கிடைப்பது அருமை. அதனால் கழுவிக் காயவைத்த கற்களை நாங்களே எண்ணிப் போட்டோம், ஒரு சுண்டுக்கு 21 கல். ஏன் எண்ணினோம் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

எதிரே உங்களுக்குத் தெரியாத ஒருவர் வந்து அமர்வார். சேர்ந்து வந்தவர்களைப் பிரித்துத்தான் இருத்துவோம். நேரம் பதினைந்து நிமிடம். பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கை வேலை செய்துகொண்டிருக்கும், கண் அரிசியில் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விசயங்கள் இப்படிக் குனிந்திருக்கும்போது தானாக வாயில் வந்துவிடும். பயத்தங்காய் முறிக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும்தானே எங்கள் வீடுகளில் பெரிய கதைகள் எல்லாம் நடந்தன.

இரண்டாம் நாள் பின்னேரம் ஓர் அம்மாவும் ஒரு சிங்களப் பல்கலைக்கழக மாணவனும் ஒரே சுளகில் அமைந்துவிட்டார்கள். அவருக்குச் சிங்களம் கடைச் சிங்களம்தான், பையனுக்குத் தமிழே தெரியாது. அவன் ஒவ்வொரு அரிசியாக நகத்தால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எட்டி அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து, அரிசியை மெல்லிய கோடாகப் பரப்பி, உள்ளங்கைப் பக்கமாகத் தள்ளிக் காட்டினார். கல் தானாகப் பின்தங்கியது. "கல்" என்றார். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிங்களத்திலும் அது கிட்டத்தட்ட அதே சொல்தான், முதல் எழுத்து மட்டும் 'கங்கை'யில் வரும் இரண்டாவது ககரம் போல ஒலிக்கும். அதற்குப் பிறகு மிச்ச நேரம் முழுக்க இருவரும் பேசியது அந்த ஒரு சொல்தான். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள்.

முடிந்ததும் கற்களை எண்ணுவோம். பிறகு ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகலாம். அங்கே பழுப்புக் கடுதாசித் துண்டும் பென்சிலும் இருக்கும். உங்கள் வாழ்க்கையிலிருந்து பொறுக்கி ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிற ஒன்றை எழுதி, அதற்குள் கல்லை வைத்து, கடலைச் சுருள் மாதிரிச் சுருட்டிச் சுவரில் உள்ள துளை ஒன்றில் செருகிவிடலாம். நிறுவல் அவ்வளவுதான்.

இதை எப்படிக் கலை என்கிறீர்கள்? இது வீட்டு வேலை அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்கள், அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1959இல் நியூயோர்க்கில் அலன் காப்ரோ என்பவர் பார்வையாளர்களுக்குக் கையில் குறிப்பு அட்டை கொடுத்து, எப்போது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று நடத்திய நிகழ்வு இந்த வகைக்கு ஒரு தொடக்கம். யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் மேடையில் அசையாமல் அமர்ந்து, முன்னால் ஒரு கத்தரிக்கோலை வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி அவருடைய உடுப்பில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனார்கள். பிரேசிலில் ஹெலியோ ஒய்ட்டிசிகா, உடுத்தி ஆடினால் மட்டுமே உயிர் பெறும் அங்கிகளை 60களில் செய்தார். 1992இல் நியூயோர்க் கலைக்கூடம் ஒன்றில் ரிர்க்ரிட் திரவனிஜா தாய்லாந்துக் கறி சமைத்துச் சோற்றோடு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வேறு காட்சிப்பொருள் கிடையாது. சாப்பிட்டதும் பக்கத்தில் இருந்தவரோடு பேசியதும்தான் படைப்பு.

எனக்கு மிகப் பிடித்தது தாய்வானில் பிறந்த லீ மிங்வெய் 2009இல் தொடங்கிய தைத்தல் வேலை. கிழிந்த உடுப்பைக் கொண்டுபோனால் அவர் முன்னாலிருந்து தைத்துத் தருவார். ஆனால் தையலை ஒளிக்க மாட்டார், பளிச்சென்று தெரிகிற நிற நூலால் தைப்பார். தைத்த உடுப்பு நூல் அறுபடாமல் சுவரில் உள்ள நூற்கட்டையோடு இணைந்தே இருக்கும். நாளாக நாளாக அறை முழுக்க நூல் ஓடும். வீட்டு வேலைதான். ஆனால் வீட்டில் நாம் அந்த வேலையை அவ்வளவு கவனித்துப் பார்ப்பதில்லை. பழக்கமான ஒன்றைக் கொஞ்சம் இடம்மாற்றி வைத்து அதைக் கவனிக்கச் செய்வதுதான் இங்கே கலைஞரின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பேச்சும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பிரித்தானிய விமர்சகர் கிளயர் பிஷப் 2004இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வகைக் கலையை நேராகவே கேள்வி கேட்டார். சேர்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள், சரி. யார் யாரோடு? ஏற்கெனவே ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் கூடிச் சிரித்தால் அதை உறவு என்று சொல்லலாமா? கொழும்பில் இருந்து பார்த்தால் அவர் கேட்டது இன்னும் உறைக்கிறது. கறுவாத்தோட்டத்துக் கலைக்கூடத்துக்கு யார் போகிறார்கள், அங்கே எந்த மொழி கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒழுங்கைக்குள் வைத்ததற்கு அதுதான் காரணம். மீன்காரரும் ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் 100ஆம் இலக்க பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடப்பவர்களும் தாண்டிப் போகிற இடம் அது.

இலங்கையில் முன்பு இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

நிறையவே. 2000இல் தொடங்கிய தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு நிறுவலையும் நிகழ்த்துகலையையும் இங்கே பரவலாக்கியதில் பெரிய பங்கு வகித்தது. தமிழில் என்றால் நான் முதலில் சொல்வது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனை. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டு, முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்பில் 2011இல் அவர் ஒரு கலைநூலை உருவாக்கினார். சாதாரணமானவர்கள் வரைந்த கோணல் கோடுகள், பக்கத்தில் அதே வீட்டின் கட்டடக் கலைஞர் வரைபடம், அதற்கடுத்து அவருடைய சித்திரம். கிணறு எங்கே இருந்தது, மாமரம் எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறார்கள். வீடு போன பிறகும் கிணற்றடி கையில் இருக்கிறது. ஒரு மனிதரிடம் சின்னதாக ஒன்றைக் கேட்டு, கிடைத்ததை எவ்வளவு மரியாதையாக வைத்துக்கொள்ளலாம் என்பதை நான் அதில்தான் கற்றுக்கொண்டேன்.

கலை என்ற பெயரில் நடக்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 மக்கள் போராட்டத்தில் காலிமுகத்திடலில் கூடாரங்கள், நூலகம், சுவரோவியம் எல்லாம் முளைத்த நாட்களில், மே 18ஆம் திகதி அங்கே போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடந்தது, போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்து உயிர் தாங்கிய கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நின்று வாங்கிக் குடித்தார்கள். ஒரு பிடி அரிசியும் உப்பும் தண்ணீரும் மனிதருக்கு இடையில் எதைத் தாங்க முடியும் என்பதை இந்த நகரம் கண்ட நாள் அது. எங்கள் சுளகு அந்த நாளில்தான் தொடங்கியது என்று சொன்னாலும் பிழையில்லை.

அரிசி விற்கிற விலையில் அதை வைத்து விளையாடலாமா?

ஓர் ஐயா வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வரவில்லை. அவர் கேட்டது சரி. பாண் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் 25 கிலோ மூட்டை ஒன்று வாங்கினோம். அதில் ஒரு மணியும் வீணாகவில்லை. ஒவ்வொரு நாளும் பொறுக்கி முடித்த அரிசியை மூடி வைத்தோம். பெரும்பகுதி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலுக்குப் போனது, மிச்சம் கடைசி நாள் கஞ்சிக்கு. கை கழுவச் சொல்வது அதற்காகத்தான். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சரி" என்றுவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார்.

எனக்குக் கூச்ச சுபாவம். தெரியாத ஆளோடு எப்படி இருப்பது?

பார்க்க மட்டும் வரலாம். ஓரத்தில் வாங்கு போட்டிருக்கிறோம். சிலர் மூன்று நாள் வந்து வாங்கிலேயே இருந்துவிட்டுப் போனார்கள், நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: 'வாங்கோ வாங்கோ' என்று கையைப் பிடித்து இழுத்தால் அது பங்கேற்பு ஆகாது. பாதியில் எழும்பிப் போவதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

எந்த மொழியில் எழுதலாம்?

எதிலும். படமும் வரையலாம். அறிவிப்புகளை மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தில் எழுதினோம். தமிழ் கடைசியில் பொடி எழுத்தில், அதுவும் பிழையோடு இருக்கும் பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அனுபவம் எவருக்கும் எங்கள் வாசலில் கிடைக்கக் கூடாது என்று சிங்கள வாசகத்தை ஒரு சிங்கள நண்பரிடம் மூன்று தடவை வாசிக்கக் கொடுத்துத் திருத்தினோம்.

நான் எழுதுவதை யார் வாசிப்பார்கள்? படம் எடுத்துப் போடுவீர்களா?

ஒருவரும் வாசிக்க மாட்டோம். சுருட்டியது சுருட்டியபடியே இருக்கும். கடைசி நாள் எல்லாச் சுருளையும் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லை எடுத்துவிட்டு, கடுதாசியைக் கூழாக்கினோம். முகம் தெரியப் படம் எடுக்கவில்லை, கைகளை மட்டும் எடுத்தோம், அதுவும் கேட்ட பிறகு.

இது பட்டுத் தெரிந்த பாடம். சில வருடத்துக்கு முன் செய்த ஒரு நிறுவலில், 'நீங்கள் இழந்த ஒருவருக்கு ஒரு வரி' என்று கேட்டு, வந்தவர்கள் எழுதிய மட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பலர் பெயரோடு எழுதியிருந்தார்கள். நாலாம் நாள் ஒரு பெண் திரும்பி வந்து, தன்னுடையதைக் கழற்றித் தரச் சொன்னார். அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார், யாரோ அதைப் படம் எடுத்துப் பரப்பி, அது அவருடைய அம்மாவின் கைக்கே வந்துவிட்டது. மட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். படத்தைத் திருப்பி எடுக்க எங்களால் முடியவில்லை. எங்கள் நாட்டில் பெயர் என்பது பாரமான விசயம், ஒரு பெயர் எங்கே போய் முடியும் என்ற பயம் பலருக்கு இன்னும் விடவில்லை. அதைத் தெரிந்திருந்தும் அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சுருளுக்கு மாறியது அவருக்காகத்தான்.

2011இல் நியூ ஓர்லியன்ஸில் கைவிடப்பட்ட வீடொன்றின் சுவரைக் கரும்பலகையாக்கி, 'நான் இறப்பதற்கு முன்…' என்று தொடங்கி மிச்சத்தை வழிப்போக்கர் எழுதட்டும் என்று விட்டார் கேண்டி சாங். அடுத்த நாளே சுவர் நிரம்பியது, பிறகு எத்தனையோ நாடுகளுக்கு அந்தச் சுவர் போனது. நான் மதிக்கிற வேலை அது. ஆனால் எல்லா ஊரிலும் எல்லோராலும் திறந்த சுவரில் எழுதிவிட முடியாது.

அங்கே அழுகை வந்துவிட்டால்? இது உளவள ஆலோசனையா?

ஆலோசனை இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளும் தகுதியும் எங்களுக்கு இல்லை. அழுதவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தோம், ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம், கேட்டால் கூட இருந்தோம். பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் தொலைபேசி எண்களை ஓர் அட்டையில் எழுதி வாசலில் வைத்திருந்தோம்.

யாராவது எல்லை மீறினால் நிறுத்த ஒருவர் எப்போதும் அறையில் இருப்பார். மெரினா அப்ரமோவிச் 1974இல் நேப்பிள்ஸில் செய்ததை நினைத்துப் பாருங்கள். 72 பொருட்களை மேசையில் வைத்து, ஆறு மணித்தியாலம் தன்னை என்ன செய்தாலும் எதிர்ப்பதில்லை என்று நின்றார். ரோசாப்பூவும் இறகும் இருந்தன, துப்பாக்கியும் குண்டும் இருந்தன. மென்மையாகத் தொடங்கிய கூட்டம் கடைசியில் துப்பாக்கியைக் குறிபார்க்கும் அளவுக்குப் போய்விட்டது. பங்கேற்பு என்று கதவைத் திறந்துவிட்டால் நல்லது மட்டும்தான் உள்ளே வரும் என்று நம்பியிருக்க முடியாது.

உண்மையைச் சொல்லுங்கள், பதினைந்து நிமிடத்தில் ஆள் மாறுமா?

மாறும் என்று சொன்னால் பொய். அதே அப்ரமோவிச் 2010இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் 700 மணித்தியாலத்துக்கு மேல் ஒரு கதிரையில் மௌனமாக இருந்தார். எதிர்க்கதிரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து அமர்ந்தார்கள், பலர் கண் கலங்கினார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்கள் என்ன ஆனார்கள்? கண்ணீரை வைத்து மாற்றத்தை அளக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் கண்டது மிகச் சின்னது. முதல் நாள் வந்த ஒருவர், வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எட்டாம் நாள் திரும்ப வந்தார். சுருளில் என்ன எழுதினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இப்ப நானும் மனிசியும் பின்னேரத்தில முருங்கை இலை உருவுறம்" என்றார். முன்பு அவர் தொலைக்காட்சிக்கு முன்னால், மனைவி குசினியில். இப்போது ஒரே மேசை. "கதைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "சில நாள்" என்றார். அது எத்தனை நாள் நீடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 'சில நாள்' என்ற பதில் எனக்குப் போதும்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

ஆறு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அவர்கள்தான் ஆகக் கெட்டிக்காரர்கள், கல்லை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூக்கிலும் காதிலும் வைத்துவிடக் கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாங்களும் எங்கள் ஊரில் செய்ய விரும்புகிறோம். எவ்வளவு செலவாகும்?

செலவு பொருளில் இல்லை, ஆட்களின் நேரத்தில். மண்டபத்துக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். சுளகை இரவல் வாங்குங்கள், இரவல் சுளகுக்கு ஒரு வீட்டின் வாசனை இருக்கும். கடலோரம் என்றால் கடுதாசி ஒரே இரவில் ஈரம் பிடித்துச் சுருளும், அதனால் பேனை வேண்டாம், பென்சில்தான் நல்லது. மின்வெட்டை நினைத்துப் பகல் வெளிச்சத்தில் நடக்கிற மாதிரி அமையுங்கள். வெளியில் நிற்பவரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப யோசியுங்கள். கேட்பது ஒரு சுண்டு அளவில் இருக்கட்டும். நானும் ஒரு காலத்தில் 'உங்கள் பெரிய வலி என்ன' என்று கேட்டவள்தான்.

முடிந்த பிறகு அரிசியும் கல்லும் என்ன ஆகும்? ஏன் எண்ணினீர்கள்?

சாப்பிடப் போகிற அரிசியில் ஒரு கல்லும் மிஞ்சக் கூடாது. 21 வெளியே வந்தால்தான் அந்தச் சுண்டு பானைக்குப் போகும். பத்து நாளும் கணக்குச் சரியாக வந்தது, ஒரே ஒரு சுளகில் மட்டும் 20. மூன்று பேரும் மாறி மாறி இருமுறை பரப்பிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அந்தச் சுண்டை ஒரு போத்தலில் போட்டுத் தனியே வைத்தோம்.

ஒன்பதாம் நாள் இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தச் சுளகில் இருந்தவர்களில் ஒருவர். கைப்பையைத் துப்புரவாக்கும்போது ஒரு சின்னக் கல் கிடந்ததாம், எதிரே இருந்த பிள்ளை தன் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்ததாம், திருப்பிப் போட மறந்துவிட்டாராம். கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அடுத்த நாள் காலை போத்தல் அரிசியையும் கழுவிக் கஞ்சிப் பானையில் போட்டோம்.